டர்போ காரில் பெட்ரோல் சிக்கனம்

ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற, 998 சி.சி. எஞ்சினோடு டர்போசார்ஜரும் பூட்டிய விசைமிக்க சிறு கார்கள், ஓட்டுகிறவருடைய பாதத்தின் சுபாவத்துக்கேற்பவே பெட்ரோலைச் செலவிடுகின்றன.

● இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையான 172 நியூட்டன் மீட்டர், நிமிஷத்துக்கு 1,500 சுற்றுகளிலேயே கிட்டிவிடுவதால், சமதளச் சாலையில் 2,000 சுற்றுகளை ஒட்டியே மேல் கியருக்கு மாறிவிடுவது உசிதம். வண்டி திணறுமாயின் கியரைக் குறைத்துவிட வேண்டும்.

● ஆக்ஸிலரேட்டரைச் சடுதியில் அழுத்தினால், டர்போ திணிக்கும் அதிகக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் பெருகிப் பாயுமாதலால், நிதானமாக மிதிப்பதே லாபம்.

● தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால், நியூட்ரலில் உருட்டாமல், கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், வேகம் தணியும் வரை பெட்ரோல் பாய்ச்சலையே எஞ்சின் நிறுத்திக்கொள்ளும்.

● காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரை விட்டு 85-இல் செல்வது கணிசமான மிச்சத்தைத் தரும்.

● டயரின் காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறுமுன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி மாதம் இருமுறை சரிபார்ப்பது அவசியம்.

● மைலேஜை அறிய, டாங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்புகையில், ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும்.