யார் செலவில் இந்தப் பெருமை?

தன் பெருமையை ஊரறியச் சொல்லும் ஆசை ஃபேஸ்புக்கோடு வந்ததல்ல. டியூப்லைட்டின் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிக் கோயிலில் மாட்டியவர்கள் நாம். மொய்த் தொகையை மைக்கில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அதெல்லாம் ஒரு தெருவோடு, ஒரு பந்தலோடு முடிந்துவிடும். 2009-இல் ஃபேஸ்புக் லைக் பொத்தானைக் கொண்டுவந்த பிறகு, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்ற கணக்கும் பெருமையோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கணக்கு பலரை ஆட்டிவைக்கிறது.

புது வீட்டில் பால் காய்ச்சியதையும் மகளுக்கு வேலை கிடைத்ததையும் நாலு பேரிடம் சொல்வது சந்தோஷம். அதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. இன்னொருவரின் மானத்தையோ துக்கத்தையோ, ஒரு குழந்தையின் நிம்மதியையோ செலவழித்து வாங்கும் பெருமையைத்தான் நான் எதிர்க்கிறேன். வெறும் பாசாங்கும் அதோடு சேர்த்தி. அதில் ஏமாறுவது நம்மை நம்பிப் படிப்பவர்.

செய்யக்கூடாதவை

உதவி வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமானது இதுதான். 2020 ஊரடங்கின்போது இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அஞ்சு கிலோ அரிசிப் பை ஒன்று. அதை ஆறேழு கைகள் பிடித்திருக்கும். நடுவில் ஒரு பாட்டி, பையைத் தொட்டும் தொடாமலும் நிற்பார். “பாட்டி, இப்படி கேமராவைப் பாருங்க” என்று யாரோ சொல்ல, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்வார். நாலு படம் எடுத்து முடியும்வரை பை அவர் கைக்குப் போகாது. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

அந்த அம்மா ஆயுள் முழுக்க இட்லி சுட்டு விற்றுப் பிழைத்தவராக இருக்கலாம். பிறர் முன்னால் கைநீட்டி நின்றது அந்த ஒரு நாளாகவே இருக்கலாம். வெளியூரில் இருக்கும் மகன் அந்தப் படத்தைத் தன் செல்போனில் பார்ப்பான். பேரனோடு படிக்கும் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அரிசி பத்து நாளில் தீர்ந்துவிடும், படம் தீராது. ராஜஸ்தானின் அஜ்மீரில் மாவட்ட நிர்வாகம் 2020 ஏப்ரலில் உணவு வழங்கும் இடத்தில் படமெடுக்கத் தடையே போட்டது. தமிழகத்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணப் பொருட்கள்மேல் அரசியல் தலைவர் படத்தை ஒட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். அரிசிப் பைக்குப் பக்கத்தில் நம் முகத்தை வைத்துப் பதிவிடுவதும் அதே வேலைதான்.

நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் காட்ட வேண்டும். கடை ரசீதைப் போடுங்கள். அடுக்கிவைத்த மூட்டைகளைப் படமெடுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தீர்கள், மிச்சம் எவ்வளவு என்று எழுதுங்கள். நன்கொடையாளருக்குத் தேவை இந்த விவரங்கள்தான். பாட்டியின் முகம் எந்தக் கணக்குக்கும் ஆதாரம் ஆகாது.

அஞ்சலி என்ற பெயரில் உங்களைப் பற்றி எழுதாதீர்கள். ஓர் எழுத்தாளரோ பாடகரோ நடிகரோ இறந்த செய்தி வந்த சிறிது நேரத்திலேயே, அவரோடு எடுத்துக்கொண்ட பழைய படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. படத்தில் அவர் பாதி வெட்டுப்பட்டிருப்பார், பதிவிட்டவர் முழுசாக இருப்பார். “என் கவிதையைப் படித்துவிட்டு அவர் சொன்னார்” என்று தொடங்கும் பதிவில், இறந்தவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயர்கூட இருக்காது. மறுத்துச் சொல்ல அவர் உயிரோடு இல்லை என்பதால், அவர் சொன்னதாக எதையும் எழுதிவிடலாம் என்றாகிவிட்டது. இது துக்கத்தைத் திருடுவது.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது வந்த பதிவுகளில் எனக்கு நினைவிருப்பவை, அவரை ஒரு தடவைகூட நேரில் பார்க்காதவர்கள் எழுதியவை. ஒரு பாட்டில் எந்த இடத்தில் குரலில் சிரிப்பைக் கொண்டுவந்தார், எந்த வரியில் மூச்சுவிடாமல் போனார் என்று எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்தவர்கள் அந்தப் பாட்டைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அஞ்சலி அப்படி இருக்க வேண்டும். மாலை போட்டுக் கிடத்தியிருக்கும் உடலுக்கு முன்னால் செல்ஃபி எடுப்பதைப் பற்றி நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எடுக்காதீர்கள்.

பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2017-இல் கைவிட்டது. மாணவர்களின் மன உளைச்சலைக் குறைக்கத்தான் அந்த முடிவு. அரசு விட்டதைப் பெரியப்பாவும் அத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் 580 குழுவில் வந்து விழுந்ததும், 410 வாங்கிய பிள்ளையின் அம்மா “வாழ்த்துகள் கண்ணா” என்று எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பார். அன்று இரவு அந்த வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் வேறு இருக்கின்றன. தேர்வு முடிவை இணையத்தில் பார்ப்பதே அந்த இரண்டையும் வைத்துத்தான். பிள்ளை வாங்கிய மதிப்பெண் பிள்ளைக்குச் சொந்தம். சொல்ல விரும்பினால் அவனோ அவளோ சொல்லட்டும்.

காசு கொடுத்து வாங்கிய பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாதீர்கள். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தில் ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று கொடுத்தது. பட்டம் போலி என்று தெரியவந்து, பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுத்தது. பட்டம் வழங்கும் உரிமை எந்தெந்த நிறுவனங்களுக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஓட்டல் அரங்கில் அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்த படம் அந்தச் சட்டத்துக்கு முன் நிற்காது. ஐந்தாறு வருஷம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து முனைவர் ஆன ஒருவர் இந்தப் படத்தைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும்?

படிக்காத புத்தகத்தைப் படித்ததாகப் போடாதீர்கள். வாங்கினேன் என்று சொல்லுங்கள். அதுவே நல்ல செய்தி. அதேபோல, அப்துல் கலாம் சொன்னதாக வரும் பொன்மொழிகளில் பல அவர் சொல்லாதவை. எங்கே சொன்னார் என்று தெரியாவிட்டால் அவர் பெயரைப் போடாதீர்கள்.

உங்களுக்கே செலவு வைக்கும் பெருமையும் உண்டு. போர்டிங் பாஸைப் படமெடுத்துப் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தன்னுடையதை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போவதையும் போகும்போதே அறிவிக்காதீர்கள். படங்களைத் திரும்பி வந்து போடலாம்.

செய்ய வேண்டியவை

படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். மனைவி, மாமியார், வீட்டில் வேலை செய்பவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், யாராக இருந்தாலும் “இதைப் போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். நாலு வயதுக் குழந்தையால் அனுமதி சொல்ல முடியாது. குளிக்கிற படம், அழுகிற படம், அடிவாங்கிய படம் எதையும் அதன் சார்பில் நீங்கள் போட வேண்டாம்.

கூட உழைத்தவர் பெயரைச் சொல்லுங்கள். வீட்டுப் படம் போடும்போது கட்டிய மேஸ்திரி யார் என்று அவரைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். அவருக்கு அடுத்த வேலை அதனால் கிடைக்கலாம். விருந்துப் படத்தில் சமைத்தவரைச் சொல்லுங்கள். விருது வாங்கினால் கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். சந்தோஷத்தில் இன்னொருவருக்கு இடம் கொடுத்துவிட்டால் அது யாரையும் உறுத்துவதில்லை.

பயணம் போனால் வழி சொல்லுங்கள். எந்த பஸ், எவ்வளவு கட்டணம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், வயதானவர்களால் படியேற முடியுமா என்று எழுதுங்கள். உங்கள் படத்தை அதோடு தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு இரவு தள்ளிப்போடுங்கள். கோபத்தில் எழுதியதற்கு மட்டுமல்ல, பூரிப்பில் எழுதியதற்கும் இது பொருந்தும். காலையில் படித்துப் பார்த்தும் போடத் தோன்றினால் போடுங்கள்.

லைக் எண்ணிக்கையை மறைத்து வையுங்கள். 2021 முதல் இன்ஸ்டாகிராமில் இதற்கு வசதி இருக்கிறது. உங்கள் பதிவுகளுக்கும் மறைக்கலாம், மற்றவர்களின் பதிவுகளுக்கும் மறைக்கலாம். எண் கண்ணில் படாவிட்டால், அதற்காக எழுதும் பழக்கமும் மெல்லக் குறையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் பக்கத்தைத் திறந்து, பழைய படங்களை ஒரு தடவை பாருங்கள். உங்களிடம் அரிசியோ போர்வையோ பள்ளிக்கட்டணமோ வாங்கிக்கொண்டு நிற்பவர் யாராவது அதில் இருந்தால், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.