பெயின்ட்பால் துப்பாக்கிக்குப் புதுப் பூட்டு

1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் முதல் பெயின்ட்பால் ஆட்டம் நடந்தபோது வீரர்கள் ஏந்தியவை மரங்களுக்கு வண்ணக் குறியிடும் துப்பாக்கிகள். இன்று வண்ணக் குண்டு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

அதனால், தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு அவசியம். துப்பாக்கியின் சுடும் விசையை மாற்றினால் பழைய பாதுகாப்புப் பூட்டு அதோடு பொருந்தாமல் போகலாம். புதிதாக அமைக்கும் பூட்டு விசையை மட்டும் தடுத்தால் போதாது. உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியையும் அசையவிடாமல் வைப்பதே நல்லது. கொக்கி தேய்ந்திருந்தால், துப்பாக்கி கீழே விழும் அதிர்விலேயே அது நழுவக்கூடும்!

வேலைக்கு முன் குண்டுகளை அகற்றி, காற்று உருளையைக் கழற்றி, உள்ளே தங்கிய அழுத்தத்தையும் வெளியேற்ற வேண்டும். சோதிக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பூட்டு எவ்வளவு உறுதியானாலும், களத்துக்கு வெளியே குழல்முனையில் உறை மாட்டியே இருக்கட்டும்.