கடைமடைக் கொல்லையில் விளைச்சல் பொய்க்கும்போது

காரைக்கால் பகுதிக் கோட்டுச்சேரிக் கொல்லையில் இவ்வாண்டு கத்தரியும் வெண்டையும் தக்காளியும் ஏமாற்றிவிட்டனவென்று மனம் தளர்ந்து எழுதிய சிரஞ்சீவி தம்பி மகனுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

காய்கறித் தோட்டத்தில் விளைச்சல் பொய்க்கும்போது, பயிரிட்டவர் முதலில் தம் கைராசியையும் அறியாமையையும் நொந்துகொள்வது வழக்கம். காரைக்கால் போன்ற கடைமடையில், அதாவது ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடலோர நிலத்தில், விளைச்சல் குறைவதற்கான காரணங்களில் பெரும்பகுதி விதைத்த பட்டத்திலும், மழை வந்த நாளிலும், நிலத்தடி நீரின் உப்பிலும் அடங்கியிருக்கிறது. ஆதலால், எந்த நட்டம் தடுக்கக்கூடியதாக இருந்தது, எது எவராலும் தடுக்க முடியாததாக இருந்தது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது, எந்த ஆறுதல் மொழியைக் காட்டிலும் பயன் தரும்.

எதிர்பார்ப்பின் அளவே பல வேளைகளில் தவறாக இருப்பதால், கணக்கை அங்கிருந்து தொடங்குவது முறை. தஞ்சைப் பகுதி வழக்கில் ஒரு குழி என்பது பன்னிரண்டடிச் சதுரம், 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. பத்துக் குழிக் கொல்லை என்பது 1,440 சதுர அடி, ஏறத்தாழ 134 சதுர மீட்டர். பயிர்க் கையேடுகள் கத்தரிக்கு எக்டேருக்கு 25 டன் விளைச்சலை எளிதாக எழுதிவிடுகின்றன. அதை அப்படியே நம்பி முழுக் கொல்லையிலும் கத்தரி நட்டவர் 330 கிலோவை எதிர்பார்ப்பார். ஆனால் கிணறும் எருவும் பழகிய கையும் உள்ள விவசாயிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட இந்திய சராசரி எக்டேருக்குச் சுமார் 17 டன்தான். அதன்படி அதே கொல்லைக்கு 230 கிலோ. வரப்பையும் நடைவழியையும் கழித்து, உப்பு மண்ணையும் முதலாண்டு அனுபவத்தையும் கருத்தில் கொண்டால், 100 கிலோவைத் தொட்ட புதியவர் தலைகுனிய வேண்டியதில்லை. யூடியூபில் கூடை கூடையாய்க் காய் பறித்துக் காட்டும் தோட்டங்களில் பல மேற்கு மாவட்டங்களின் செம்மண்ணில் உள்ளவை என்பதையும், அங்கே கடல் இல்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

காரைக்காலின் ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், பெய்துவிடுகிறது. அந்த மழையும் சீராகப் பிரிந்து பெய்வதில்லை; புயலும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் கரையை நெருங்கும் சில நாட்களில் மொத்தமாக இறங்குகிறது. 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் காரைக்காலுக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. 2022 நவம்பரில் சற்று வடக்கேயுள்ள சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நாளில் கொல்லையில் நின்ற எந்தச் செடிக்கும் தோட்டக்காரர் பொறுப்பாக முடியாது. ஆயினும் அந்த நாளில் எந்தச் செடியை, எந்த வயதில், எவ்வளவு தாழ்ந்த பாத்தியில் நிற்கவைத்தார் என்பதற்கு அவர் ஓரளவு பொறுப்பாவார்.

பட்டம் என்பது விதைப்புக்குரிய பருவம். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்ற பழமொழியை எல்லாப் பயிருக்கும் ஒரே அளவில் பொருத்துவதுதான் இப்பகுதியில் அடிக்கடி நேரும் பிழை. கத்தரி நாற்றங்காலில் தொடங்கி ஐந்து மாதம் நிற்கும் பயிர். ஆடியில் விதைத்து ஆவணியில் நட்டால், அது பூத்துக் காய்க்கத் தொடங்கும் காலம் ஐப்பசி அடைமழையில் சென்று முட்டுகிறது. பூ உதிர்கிறது, களிமண்ணில் நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி வாடுகிறது. வெண்டையோ விதைத்த நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கி மூன்று மாதத்தில் முடிந்துவிடும் பயிர். அதை ஆனி இறுதியில் அல்லது ஆடியின் முதல் நாட்களில் ஊன்றினால் பெருமழைக்கு முன்பே பறிப்பை முடித்துவிடலாம். கொத்தவரைக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நீரை விரும்பும் வள்ளைக்கீரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் சேம்புக்கும் விட்டுவிட்டு, மார்கழியில் கூரையின் கீழ் மேட்டுப் பாத்தியில் நாற்று விட்டு, தையில் கத்தரியையும் தக்காளியையும் நடுவதே கடலோரக் கொல்லைக்கு ஏற்ற முறை. நாற்றின் அடித்தண்டு மண்ணோடு சேருமிடத்தில் அழுகிச் சாயும் நோய் நாற்றழுகல் எனப்படும். மார்கழியின் ஈரத்தில் அதற்கு மருந்தைக் காட்டிலும் உயர்ந்த பாத்தியும் நெருக்கமில்லாத விதைப்பும் உதவும்.

செடிகளை அழுகச் செய்யும் அதே மழைதான் கொல்லையின் உப்பையும் கழுவிக் கீழே இறக்குகிறது. தைப்பட்டம் இங்கே நன்றாக அமைவதற்கு முதற்காரணம் அதுவே. கடற்கரையில் நிலத்தடி நன்னீர், தன்னைவிட எடை மிகுந்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட ஒரு விதி. கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி என்று நீரியலார் அதைக் குறிப்பிடுவர். அதன் மறுபுறம் அச்சமூட்டுவது: மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் 20 மீட்டர் மேலேறிவிடும். மாசி, பங்குனியில் கிணறு வற்றத் தொடங்கியதும் போர்க்குழாயை இன்னும் ஆழமாக இறக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஊரில் குறைவில்லை. அந்த யோசனை உப்பைத் தேடிச் செல்லும் வழி. ஆழமற்ற கிணற்றில் சிறிது சிறிதாக இறைத்து, இறைத்த நீரை வீணாக்காமல் வேரடியில் விடுவதே கொல்லையைக் காக்கும்.

உப்பின் அளவை மின்கடத்து திறனால் அளப்பது மண்ணியல் முறை. மண்நீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதாகப் பாயும். அதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்பது. நான்கைத் தாண்டினால் அந்த நிலம் உவர் நிலம். பீன்ஸ் ஒன்றைத் தாண்டினாலே விளைச்சலை இழக்கத் தொடங்கி, அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 19 விழுக்காட்டை இழக்கிறது; மூன்று டெசிசைமன் உள்ள மண்ணில் பீன்ஸ் ஊன்றியவர் எவ்வளவு உழைத்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டியே போய்விட்டது என்று பொருள். வெங்காயமும் மிளகாயும் ஒன்றுக்குச் சற்று மேலேயே தளர்கின்றன. தக்காளி இரண்டரை வரை தாங்குகிறது. பீட்ரூட் நான்கு வரையும் காராமணி ஏறத்தாழ ஐந்து வரையும் தாங்குகின்றன. ஆகவே பங்குனிக்குப் பின் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும் கொல்லையில் கோடைப் பயிராகக் காராமணியைத் தேர்ந்தவர் கெட்டிக்காரர்; அவர் பக்கத்துக் கொல்லைக்காரர் மிளகாயோடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்க்கலாம்.

உவர் என்பதையும் களர் என்பதையும் ஒன்றாகக் கொள்வதால் ஒரு வீண்செலவு நேர்கிறது. உவர் மண்ணில் பலவகை உப்புகள் கரைந்து நிற்கும். நல்ல நீரைக் கட்டி வடித்தால் அவை போய்விடும். களர் மண்ணில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கும். அதற்கே ஜிப்சம் வேண்டும். மணற்பாங்கான கொல்லையில் உவர்ப்புக்கு மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டுவதால் பயன் சொற்பம். அந்தப் பணத்தில் மக்கிய தொழுவுரமும் குளத்து வண்டலும் வாங்கிப் போட்டால் மண்ணின் ஈரம் பிடிக்கும் திறன் கூடும். தென்னைநார்க் கழிவைப் போடுவோர் அதை முதலில் நன்னீரில் அலசிவிட வேண்டும், ஏனெனில் அதிலேயே உப்பு இருப்பதுண்டு. வைக்கோலாலும் சருகாலும் செடியடியை மூடும் மூடாக்கு, வெயிலில் ஈரம் ஆவியாகும்போது உப்பு மேலே ஏறிப் படிவதைக் குறைக்கிறது.

உப்பேறிய நிலம் மீண்டதற்கு இக்கரையே சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பட்டினச்சேரி முதல் மண்டபத்தூர் வரை காரைக்கால் கரையைத் தாக்கியபோது உயிர்ச்சேதத்தோடு வயலும் கொல்லையும் கடல்நீரில் மூழ்கின. அந்நிலங்கள் இனி ஒரு தலைமுறைக்கு விளையாது என்று பலர் அஞ்சினர். அடுத்து வந்த மழை உப்பின் பெரும்பகுதியைக் கழுவியது. அண்டை நாகை மாவட்டத்தில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் போன்றோர் பசுந்தாள் பயிர்களை, அதாவது பூக்கும் முன் மடக்கி உழுது மண்ணோடு சேர்க்கும் தக்கைப்பூண்டு போன்றவற்றை, விதைக்கச் செய்து நிலத்தை மீட்க உழைத்தனர். கடலே புகுந்த நிலம் திரும்ப விளைந்திருக்க, கோடையில் சற்றுக் கரிக்கும் ஒரு கொல்லையைக் கைவிடுவதற்கு நியாயம் இல்லை.

தக்காளியின் ஏமாற்றத்துக்கு உப்பைவிட இரவே காரணம். தக்காளிப் பூ காயாகப் பிடிப்பதற்கு இரவு வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டி இருப்பது நல்லது. 24-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சித்திரையில் காரைக்காலின் இரவுகள் அதற்கு மேலேயே நிற்பதால், செடி பச்சைப்பசேலென்று தழைத்து நின்றும் காய் பிடிக்காது. அதற்கு உரம் போடுவது தழையை மட்டும் கூட்டும். தையில் நட்டுப் பங்குனி வரை கிடைத்ததே தக்காளி என்று கொள்ள வேண்டும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிக் காய் வெளுப்பது நரம்புத் தேமல் நோய். 1924-லேயே பம்பாய்ப் பகுதியிலிருந்து பதிவான இந்தத் தீநுண்மத்தை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய்கண்ட செடியை இரக்கமின்றிப் பிடுங்குவதும், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்க்கா அனாமிகா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களைத் தேர்வதும் வழி. அந்த எதிர்ப்பும் காலப்போக்கில் தளர்ந்து வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் புழு, முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே உள்ளே நுழைந்துவிடுவதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. வாடித் தொங்கும் குருத்தை வாரந்தோறும் கிள்ளி எரிப்பது பத்துக் குழிக்குப் போதும். இந்தப் புழுவுக்காகவே மரபணு மாற்றிய கத்தரி உருவாக்கப்பட்டு, 2010 பிப்ரவரியில் இந்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013-ல் அனுமதித்தது. நாடுகளே திணறும் ஒரு புழு ஒரு கொல்லைக்காரரைத் தோற்கடித்ததில் வியப்பென்ன?

கொடிக்காய்களில் பிஞ்சு உதிர்வதைப் பலரும் நோயென்று எண்ணுகின்றனர். பல வேளைகளில் மகரந்தம் சேராததே காரணம். பூசணியும் பாகலும் விடியலில் மலர்கின்றன. பீர்க்கும் சுரையும் புடலும் மாலை மங்கும்போது மலர்கின்றன. காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தொட்டுச் சேர்க்க முயல்பவர் நேரம் தவறியவர். அந்தி வேளையில் ஆண்பூவைப் பறித்து, அடியில் சிறுபிஞ்சு தாங்கிய பெண்பூவின் நடுவில் தடவிவிட்டால் போதும்.

சிறுநிலத் தோட்டத்தின் இந்த மனவருத்தம் காரைக்காலுக்கு மட்டும் உரியதன்று. 1739 முதல் 1954 வரை இவ்வூரை ஆண்ட பிரான்சில், 1896-ல் பாதிரியார் ஜூல் லெமீர் தொழிலாளர் குடும்பங்களுக்குத் துண்டு நிலம் பகிரும் இயக்கத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் மரபான ஒரு பகிர்வுத் தோட்டம் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ பத்தொன்பது குழி. அத்தகைய தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுக்காரர்கள் விதையையும் நட்டத்தையும் பகிர்ந்து பேச இயல்கிறது. தனிக்கொல்லையில் தனியாக நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் அவருக்கு என்ன போனது என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

காவிரி வழக்கில் 2007-ல் நடுவர் மன்றமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீர் காரைக்கால் பகுதிக்கானது. அது நெல்வயலை எட்டுவதே சில ஆண்டுகளில் பாடாக இருக்க, கொல்லைக்கு அதை நம்பித் திட்டமிடுவதில் பொருளில்லை. கிணற்று நீரையும் மண்ணையுமே நம்ப வேண்டியிருப்பதால், அடுத்த பட்டத்துக்கு முன் இரண்டையும் ஒவ்வொரு மாதிரி எடுத்து மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கச் செய்ய வேண்டும். நீரை மழை முடிந்த தையில் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் எடுத்தால்தான் வேறுபாடு தெரியும். அந்தச் சோதனைத் தாள் கைக்கு வரும்வரை புதிதாக எந்த விதையும் வாங்க வேண்டாம் என்பதே பெரியப்பாவின் வேண்டுகோள்.