கூரைமேல் ஏற்றும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. முதல் சம்பளத்தில் வீட்டு வானிலைக் கருவி வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். ஒரு கிராம் தங்கமாவது வாங்கு என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். நம் கோலார் தங்கவயல் எடுத்த தங்கம் போதும், நீ கருவியே வாங்கு. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே கம்பத்தில் மாட்டி, கைப்பேசியில் எண் ஓடுவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. இந்தக் கருவிகள் மாட்டிய முதல் நாளிலேயே எண் காட்டும். அந்த எண்ணை நம்பலாமா என்பது வேறு கேள்வி. அதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

வாங்கும்போது அலைவரிசையைப் பார். வெளியே மாட்டும் பகுதி, வீட்டுக்குள் இருக்கும் திரைக்குக் கம்பியில்லாமல் தகவல் அனுப்புகிறது. 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று நாட்டுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்கள். 915 அமெரிக்காவுக்கானது. இங்கே அது கைப்பேசிச் சேவைக்குக் கொடுத்த அலைகளின் விளிம்பில் வருகிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்து தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடு. இந்தியாவில் விற்க அனுமதி பெற்றதா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்கு. நூறு மீட்டர் எட்டும் என்று பெட்டிமேல் போட்டிருப்பார்கள். அது திறந்த மைதானத்துக் கணக்கு. நம் லைன் வீட்டுத் தகரக் கூரை ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். வெளியே இருக்கும் பகுதியும் திரையும் ஒன்றையொன்று ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி வை. கம்பம் நடுவதற்கு முன் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நாலு இடத்தில் நின்று பார்த்தால் போதும், எது தோதான இடம் என்று தெரிந்துவிடும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூரை உச்சி. ஏப்ரல் மாதம் மதியம் நம் தகரத்தின்மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறாயே, அங்கே வைத்த கருவி ஊரின் வெப்பத்தைக் காட்டாது, தகரத்தின் வெப்பத்தைத்தான் காட்டும். வானிலை அலுவலகங்களில் வெள்ளைச் சாயம் பூசிய, பக்கமெல்லாம் சாய்சட்டம் வைத்த மரப்பெட்டி ஒன்று புல்தரையில் மார்பளவு உயரத்தில் நிற்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அதைச் செய்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர், 'புதையல் தீவு' எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா. வெயில் நேரே படக்கூடாது, காற்று தாராளமாகப் புகவேண்டும், கீழே மண்ணோ புல்லோ இருக்கவேண்டும். அந்தப் பெட்டி செய்வது இவ்வளவுதான். உன் கருவியில் தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும், அதற்கும் அதே வேலை.

இங்கே ஒரு சிக்கல் வரும். வெப்பத்தை அளக்க மார்பளவு உயரம் வேண்டும். காற்றின் வேகத்தை முறைப்படி அளக்கப் பத்து மீட்டர் உயரம் வேண்டும். மழைமானி தரையோடு ஒட்டி, சுவரும் மரமும் தள்ளி நிற்கும் இடத்தில் இருக்கவேண்டும், பக்கத்திலிருக்கும் பொருளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது. எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் வைத்து விற்கும் கருவி இந்த மூன்றில் எதையும் முழுதாகச் செய்யாது. எது முக்கியம் என்று நீதான் முடிவு செய்யவேண்டும். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு மழைதான் முதல், அடுத்தது வெப்பமும் ஈரப்பதமும். காற்று வேகத்தை மறந்துவிடு. நெருக்கியடித்த லைன் வீடுகளுக்கு நடுவே அளக்கும் காற்று சந்துக்காற்று, அதை வைத்து ஊர்க்காற்றைப் பேச முடியாது. தனித்தனிப் பகுதியாக வரும் கருவி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்கு.

ஈரப்பதம் என்றதும் உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சாம்பியன் ரீஃபில் இறங்கியவர் என்று உனக்குத் தெரியும். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். நம் ஊர்த் தரையே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டரில்தான் இருக்கிறது என்றால், அடித்தளம் கடல் மட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே. மலை ஏறினால் காற்று விரிந்து குளிர்கிறது அல்லவா, ஆழத்துக்கு இறங்கும் காற்று அதே விதிப்படி அழுந்திச் சூடாகும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து டிகிரி. அதோடு அங்கே பாறையின் சூடே அறுபது டிகிரியைத் தாண்டும். குளிரவைத்த காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆட்களை வேலை வாங்க முடிந்தது.

ஒரு மனிதன் அங்கே வேலை செய்யலாமா கூடாதா என்பதைச் சும்மா வெப்பமானியை வைத்துச் சொல்ல முடியாது. சுரங்கங்களில் இரண்டு வெப்பமானிகளை ஒரு கைப்பிடியில் பூட்டி, திருவிழாக் கிலுகிலுப்பை மாதிரிச் சுற்றுவார்கள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும், இன்னொன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஈரத்துணி காயக் காய அந்தக் குமிழ் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் துணி காயாது, குளிரவும் குளிராது. நம் வியர்வையும் அப்படித்தான். ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நல்ல திடமான உடம்பும் நெடுநேரம் தாங்காது என்பது அறிவியலார் கணக்கு. உழைக்கிறவனுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. உன் கருவி அளக்கும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விலை குறைந்த ஈரப்பத உணரி வருஷம் போகப் போகப் பிசகும். அதைச் சோதிக்கச் சமையலறையே போதும். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு பகல் ஓர் இரவு வை. உப்புநீர் உணரியின்மேல் படக்கூடாது. உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 80 காட்டினால் அது ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று நோட்டில் எழுதி வை. அப்புறம் அது பொய் சொல்லும் கருவி இல்லை, எவ்வளவு பொய் என்று உனக்குத் தெரிந்த கருவி.

மழைமானிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. உள்ளே தராசுபோல ஆடும் சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். நிறைந்ததும் கவிழும், கவிழும் ஒவ்வொரு தடவையும் கருவி எண்ணிக்கொள்ளும். புனலின் வாய் 20 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 314 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உன் புனலை அளந்து உன் கணக்கைப் போடு. பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விடவேண்டும். கடகடவென்று ஊற்றினால் தொட்டி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. பெருமழையிலும் இதேதான் நடக்கும், கருவி குறைத்தே சொல்லும். அதனால் நேரான பக்கங்கள் உள்ள சாதாரண அளவுக் குவளை ஒன்றையும் பக்கத்தில் நட்டு வை. இரண்டும் முரண்பட்டால் குவளையை நம்பு.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, எந்தக் கையேட்டிலும் இருக்காது. சயனைடு மேட்டுத் தூசி. தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த மண் மூன்று கோடி டன்னுக்கும் மேல் மேடு மேடாக நிற்கிறது. ஜூன், ஜூலையில் மேல்காற்று வீசும்போது துணி காயப்போட்டவர்களுக்கு அதன் மென்மை தெரியும். அந்தத் தூசி புனலில் படியும், முதல் தூறலில் சேறாகிச் சல்லடையை அடைக்கும். வெளியே கொட்டுகிற மழைக்குக் கருவி பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக் கூட்டின்மேல் படிந்தால் கூடு நிறம் மங்கிச் சூடேறி, வெப்பம் கூடுதலாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடை, உலர்ந்த துணி வேண்டாம், துடைக்கும்போது மூக்கை மூடிக்கொள். சிலந்தி வலையும் குளவிக் கூடும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இடி இடிக்கும்போது மட்டும் கம்பத்தின் பக்கமே போகாதே.

காற்றழுத்தத்தைப் பார்த்து நீ பயப்படப் போகிறாய். திரையில் 915 மில்லிபார் என்று வரும். செய்தியில் புயல் சமயத்தில்கூட அவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கமாட்டாய். அது நம் ஊரின் உயரத்தால் வருவது. உயரத்தைக் கருவியில் சரியாகக் கொடுத்தால் கடல் மட்டக் கணக்குக்கு மாற்றி 1010-ஐ ஒட்டிக் காட்டும். நவம்பரில் வங்கக் கடல் புயல் நம் பக்கம் நெருங்கும்போது அந்த எண் சரிவதையும், நம் வானம் மூடுவதையும் சேர்த்துப் பார்க்கலாம். 2021 நவம்பரில் பாலாறு புரண்டு வேலூரை மிரட்டியதே, அந்தத் தண்ணீரில் நம் கோலார் பக்கத்து மழையும் உண்டு.

இனி குறிப்பு எடுப்பது. இந்திய வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழையையே ஒரு நாள் மழையாக எழுதுகிறது. உன் கருவி நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டும். இரவு மழை இரண்டு தேதியாகப் பிரிந்து, பத்திரிகைக் கணக்கோடு ஒத்துப்பார்க்க முடியாமல் போகும். நீ காலை ரயிலுக்குப் போய்விடுவாய். அதனால் 8.30 எண்ணைக் குறிக்கும் பொறுப்பை உன் தம்பியிடம் கொடு, அவனுக்கும் ஒரு வேலை. கைப்பேசியில்தான் எல்லாம் சேமிக்கிறதே என்பாய். அது கம்பெனியின் கணினியில் இருக்கிறது, கம்பெனி கடையை மூடினால் உன் வருஷங்களும் போகும். மாதம் ஒருமுறை நகலெடுத்துக்கொள். நோட்டும் வை.

ஒரு வீட்டுக் கணக்கால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்பார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரம்! கர்நாடக அரசின் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானி வைத்திருக்கிறது, மாநிலம் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல். அப்படி இருந்தும் மே மாதத்து இடிமழை நம் ராபர்ட்சன்பேட்டையில் கொட்டிவிட்டு மாரிக்குப்பத்தில் மண்ணைக்கூட நனைக்காமல் போகும். இரண்டு மானிக்கு நடுவே விழுந்ததை அங்கே குடியிருப்பவர்தான் அளக்க முடியும்.

வீட்டுக்கும் உதவும். உன் அம்மா டேங்கர் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு என்று கேட்டுப் பார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். நம் கூரை 300 சதுர அடி, சுமார் 28 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் 280 லிட்டர், சிதறலும் கசிவும் போக இருநூறாவது தேறும். முதல் மழையைத் தூசியோடு ஓடவிட்டு, அடுத்ததைப் பிடித்துத் துணி துவைக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம். எத்தனை டிரம் வாங்கலாம் என்பதை ஒரு வருஷ நோட்டு சொல்லிவிடும். கருவியின் விலையை நியாயப்படுத்த அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல், காற்றழுத்தத்தைச் சொல்லாதே.

இப்போது ஒரு வேண்டுகோள். நம் ஊருக்குப் பெரிய மழை செப்டம்பர், அக்டோபரில். ஆகஸ்டு முடிவதற்குள் கம்பம் நட்டு, உப்புச் சோதனையும் பாட்டில் சோதனையும் முடித்து, அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுது. கருவியின் படம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, அவற்றை மட்டும் மறக்காதே.

அன்புடன்,
மாமா