வெளிப்பொருத்து இயந்திரத்தின் நீரேற்றிச் சுழலி: மாற்ற வேண்டிய காலம் எது?

கேரளக் கடற்கரையில் நாட்டுப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் வழக்கம் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வேகமாகப் பரவியது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த வள்ளங்களின் பின்புறத்தில் 'அவுட்போர்டு' எனப்படும் வெளிப்பொருத்து இயந்திரம் இடம்பெற்றது. பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த இவ்வியந்திரங்களைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கமாயிற்று. இவற்றை வாங்குவதற்கான கடன், மானியம், மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆகியவை பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. வாங்கிய இயந்திரம் எத்தனை காலம் உழைக்கும் என்பதை முடிவு செய்யும் பராமரிப்போ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அதன் விளைவைத் தெளிவாகக் காட்டுவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ரப்பர் உறுப்பாகும்.

'இம்பெல்லர்' எனப்படும் இச்சுழலி, இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில், பற்சக்கரப் பெட்டிக்கு மேலே, செங்குத்தாக இறங்கும் ஓட்டுத்தண்டில் பொருத்தப்பட்டுள்ளது. அதன் ரப்பர் இதழ்கள் மையம் விலகிய ஓர் உலோகக் கூட்டுக்குள் வளைந்தும் நிமிர்ந்தும் சுழன்று, கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ளுகின்றன. அந்த நீரே இயந்திரத்தின் உருளைகளைக் குளிர்விக்கிறது. குறைந்த வேகத்தில் இதழ்களின் நுனி கூட்டின் சுவரைத் தழுவி நின்றால்தான் நீர் ஏறும். வேகம் கூடும்போது இதழ்கள் உள்நோக்கி மடங்கிவிட, சுழற்சியின் விசையே நீரைத் தள்ளுகிறது. இதனால்தான் தேய்ந்த சுழலி முதலில் மெதுவான ஓட்டத்தில் தன் குறையைக் காட்டுகிறது. கரையை விட்டு விரைந்து செல்லும்போது குறையொன்றும் தெரியாத இயந்திரம், வலை இழுக்கும் நேரத்தில் மெல்ல ஓடுகையில் சூடேறுவதற்கு இது ஒரு காரணமாகும்.

தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சுழலியைச் சோதிக்குமாறும், சில நூறு மணி நேரத்தில் அல்லது இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றுமாறும் கூறுகின்றன. இவ்வறிவுரையில் ஆண்டுக் கணக்கு, விடுமுறை நாட்களில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுபவருக்கே பொருந்தும். ஆண்டில் 200 நாள், நாளொன்றுக்கு 5 மணி நேரம் இயந்திரத்தை ஓட்டும் மீனவரின் கணக்கு 1,000 மணி நேரமாகிறது. அவருக்கு 100 மணி நேரம் என்பது இருபது கடல் நாட்கள்; 300 மணி நேரம் என்பது அறுபது நாட்கள். 'ஆண்டுக்கு ஒருமுறை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் சோதனை பத்து மடங்கு தாமதமாகிவிடும். ஆகவே இத்தொழிலில் காலத்தை மணிக்கணக்கிலேயே அளக்க வேண்டும். மணிகாட்டும் கருவி இல்லாத இயந்திரத்திலும் இது கடினமன்று. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எரிபொருள் செல்லும் என்பதைப் படகுக்காரர் அறிவார். தீர்ந்த கேன்களை எண்ணினாலே போதும்.

மணிக்கணக்கும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. துறைமுகம் இல்லாத கரைகளில் படகு அலைவாயைக் கடக்கும்போது இயந்திரம் மணல் கலந்த நீரை உறிஞ்சுகிறது. ஆலப்புழை, புறக்காடு பகுதிகளில் பருவமழைக் காலத்தில் தோன்றும் 'சாகர' என்னும் சேற்றுக்கரையில் நீர் சேறாகவே இருக்கும். மணலும் சேறும் இதழின் நுனியை மட்டுமின்றிக் கூட்டின் உட்சுவரையும் அடித்தகட்டையும் அராவிவிடுகின்றன. கரையில் நீரின்றி இயந்திரத்தைக் கிளப்பிப் பார்க்கும் பழக்கம் இதனினும் கொடியது. உராய்வுக்கு நீரையே நம்பியுள்ள ரப்பர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

இயந்திரத்தின் பின்புறத்துச் சிறு துளையிலிருந்து பீறிட்டு வரும் நீர்த்தாரை நாள்தோறும் கிடைக்கும் சான்றாகும். தாரை மெலிந்தாலோ, வெதுவெதுப்பு மாறிச் சுட்டாலோ, நீராவியாக வந்தாலோ இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். உப்பும் மணலும் அத்துளையை அடைத்திருக்கவும் கூடும். மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்த பின்னரே சுழலியைக் குறைகூறலாம். ஆனால் தாரை நன்றாக இருப்பதைக் கொண்டு சுழலி நலமாக உள்ளது என்று முடிவு கட்டுவது தவறு. இதழின் அடியில் விழும் வெடிப்பு, அவ்விதழ் முறியும் வரை நீரின் அளவைக் குறைப்பதில்லை.

எப்போது மாற்றுவது என்பது பொருளியல் வினாவும் ஆகும். ஓர் உறுப்பு பழுதாகும் வாய்ப்பு வயதோடு ஏறிச் செல்ல வேண்டும்; பழுதால் வரும் இழப்பு திட்டமிட்டு மாற்றும் செலவைவிடப் பன்மடங்காகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தும்போதுதான் பழுதாகும் முன்பே மாற்றுவது இலாபமாகும். சுழலிக்கு இரண்டும் பொருந்துகின்றன. விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். திட்டமிட்டு மாற்றும் செலவு 1 பங்கு. உருளை இறுகி இயந்திரம் நின்றால் பழுதுச் செலவும் தொழில் இழந்த நாட்களும் சேர்ந்து மேலும் 40 பங்கு. 150 மணியில் மாற்றினால் அதற்குள் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு அரை. 300 மணியில் 2. 600 மணியில் 20 எனக் கொண்டால், ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் சராசரிச் செலவு முறையே 0.80, 0.60, 1.50 பங்காகிறது. மிக விரைவில் மாற்றுவதும் வீண். ஆனால் தாமதத்தின் தண்டனையோ அதனினும் பெரிது. இக்கணக்கில் உயிரின் மதிப்பு சேர்க்கப்படவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதலப்பொழித் துறைமுக வாயிலில் படகுகள் கவிழ்ந்து பலர் இறந்துள்ளனர். மணல் தூர்ந்ததும் அலையின் சீற்றமும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அத்தகைய வாயிலில் இயந்திரம் நின்று படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனவே மணிக்கணக்கு எதுவாயினும், தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்தில் ஒருமுறை சுழலியை மாற்றிவிடுதல் விரும்பத்தக்கது. 1988 முதல் கேரளத்தில் நடைமுறையிலுள்ள மழைக்கால இழுவலைத் தடை இப்படகுகளுக்குப் பொருந்தாது. பெரிய விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்நாட்களே வெளிப்பொருத்துப் படகுகளுக்கு நல்ல வருவாய்க் காலமாகும்.

மாற்றும்போது சுழலியை மட்டும் மாற்றுவது அரைகுறைச் சிக்கனம். கேஸ்கட்டுகள் புதியவையாக இருத்தல் வேண்டும். கோடு விழுந்த கூட்டையும் தகட்டையும் கழிக்க வேண்டும். இதழ் முறிந்திருந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுக்காமல் இயந்திரத்தை மூடலாகாது. அவை மேலேறி நீர்வழியை அடைத்துவிடும். சுழலியைத் தண்டோடு இணைக்கும் சிறிய சாவி தவறாமல் இடத்தில் இருக்க வேண்டும். சோப்பு நீர் தடவி, தண்டு சுழலும் திசையிலேயே திருப்பியவாறு கூட்டை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் மட்டமான ரப்பர்ச் சுழலிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றை வாங்குவதால் மிஞ்சும் தொகை மிகச் சிறிது.

1984இல் நிறுவப்பட்ட 'மத்ஸ்யபெட்' என்னும் கேரள மீனவர் கூட்டுறவுக் கூட்டமைப்பு இயந்திர விற்பனையிலும் பழுதுபார்ப்பிலும் ஈடுபட்டுள்ளது. இத்தகைய கூட்டுறவுகள் இயந்திரம் வழங்கும்போதே இரண்டு சுழலிகளையும் கேஸ்கட்டுகளையும் சேர்த்து வழங்கி, அவற்றின் விலையைக் கடனிலேயே அடக்கிவிடலாம். 2018-19ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் உழவர் கடன் அட்டை வசதி மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. நடைமுறை மூலதனத்தை மதிப்பிடும் அலுவலர் எரிபொருள், பனிக்கட்டி ஆகியவற்றோடு இயந்திர உதிரிப்பாகங்களையும் தனியே ஓர் இனமாகக் கேட்டு எழுதுவது நன்று. கடன் வழங்கிய பின் கரைக்கு ஆய்வுக்கு வருபவர், இயந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கடைசியாகச் சுழலி எப்போது மாற்றப்பட்டது என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.