இரண்டு இணைப்பு இருந்தும் இன்டர்நெட் இல்லையா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. முதலியார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் ஃபைபர், 4ஜி என இரண்டு இணைப்புகள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பிஎஃப்சென்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஃபயர்வாலாக வைத்திருந்தேன். ஃபைபர் போனால் 4ஜி தானாக வர வேண்டும். வரவில்லை. செல்போன்களில் சிக்னல் இல்லை. 4ஜி ரூட்டரில் இருந்த வேறு நிறுவன சிம்மில் மட்டும் சிக்னல் இருந்தது. ஆனாலும் பாரிசில் இருக்கும் அக்காவால் விடியும்வரை அப்பா அம்மாவிடம் பேச முடியவில்லை. தவறு என்னுடையதுதான்.

எங்கே சிக்கல்?

இதுபோல் ஆனால் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, வரிசையாக பிங் செய்யுங்கள்.

1. முதலில் ஃபயர்வாலின் ஐ.பி. முகவரி (எங்கள் வீட்டில் 192.168.10.1). பதில் வந்தால் வீட்டுக்குள் கேபிள், வைஃபை சரி.

2. அடுத்து 8.8.8.8. பதில் வந்தும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் சிக்கல். பதிலே இல்லை என்றால் வெளியே போகும் வழியில் சிக்கல்.

3. ஃபயர்வாலில் டயக்னாஸ்டிக்ஸ் - பிங் பகுதிக்குச் சென்று, சோர்ஸ் அட்ரஸில் 4ஜி இணைப்பைத் தேர்வு செய்து 8.8.8.8ஐ பிங் செய்யுங்கள். எனக்குப் பதில் வந்தது! அதாவது 4ஜி உயிரோடு இருக்கிறது, ஃபயர்வால்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

4. டயக்னாஸ்டிக்ஸ் - ரூட்ஸ் பகுதியில் 'டீஃபால்ட்' என்ற வரியைப் பாருங்கள். வெளியே போகும் பாக்கெட்டுகள் எல்லாம் இந்த வழியில்தான் செல்லும். அந்த வரியே இல்லை என்றால் வழி தொலைந்துவிட்டது. என் விஷயத்தில் அது செத்துப்போன ஃபைபரையே காட்டியது.

ஏன் மாறவில்லை?

தனியாக எதுவும் சொல்லாவிட்டால், பிஎஃப்சென்ஸ் அந்தந்த இணைப்பின் கேட்வேயைத்தான் பிங் செய்து சோதிக்கும். எங்கள் வீட்டில் அது மாடியில் இருந்த ஃபைபர் மோடம். இன்வெர்ட்டர் தயவில் மோடம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. தெருவில் ஃபைபர் அறுந்தது ஃபயர்வாலுக்குத் தெரியவே இல்லை.

எப்படிச் சரி செய்வது?

* சிஸ்டம் - ரூட்டிங் - கேட்வேஸ் சென்று, மானிட்டர் ஐ.பி.யாக ஃபைபருக்கு 8.8.8.8, 4ஜிக்கு 1.1.1.1 கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி கூடாது.
* கேட்வே குரூப்ஸில் புதிய குழு உருவாக்கி, ஃபைபருக்கு டியர் 1, 4ஜிக்கு டியர் 2 கொடுங்கள்.
* மீண்டும் கேட்வேஸ் பக்கத்தில், டீஃபால்ட் கேட்வே ஐபிவி4 என்ற இடத்தில் அந்தக் குழுவைத் தேர்வு செய்து சேவ், பிறகு அப்ளை சேஞ்சஸ் க்ளிக் செய்யுங்கள்.
* சிஸ்டம் - ஜெனரல் செட்டப்பில் டிஎன்எஸ் சர்வர்களாக 8.8.8.8ஐ ஃபைபருக்கும் 1.1.1.1ஐ 4ஜிக்கும் ஒதுக்குங்கள்.
* இரண்டு மோடங்களும் 192.168.1.1 என்றே இருந்தால் ஃபயர்வால் குழம்பும். ஒன்றை 192.168.2.1 என மாற்றுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

நான் முன்பு மோடத்துக்கும் ஃபயர்வாலுக்கும் இடையிலுள்ள கேபிளை உருவிச் சோதித்தேன். 4ஜி உடனே வந்தது, திருப்தியாக இருந்துவிட்டேன். புயல் அந்தக் கேபிளை அறுப்பதில்லை! வெளியிலிருந்து மோடத்துக்கு வரும் ஃபைபரைக் கழற்றுங்கள். சில விநாடிகளில் 4ஜிக்கு மாற வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு துண்டிக்கப்படலாம், மீண்டும் அழைத்தால் போதும்.

இரண்டாவது இணைப்பு வாங்கும்போதும் கவனம் தேவை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடலடி கேபிள்கள் அறுந்து, இந்தியா வரை இன்டர்நெட் தடுமாறியது. பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு வழிகள் சேர்ந்தே போய்விடும். ஒன்று ஃபைபர் என்றால், மற்றொன்று 4ஜி போல வேறு வழியில் வரட்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஃபைபரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.