அரியணை பேரனுக்கு, ஆட்சி தாத்தாவுக்கு

கேள்வி: ஜப்பானில் ஃபூஜிவாரா குடும்பம், சிறுவர்களைச் சக்கரவர்த்தியாக உட்கார வைத்து நாட்டை ஆண்டதாகப் படித்தேன். பணமும் பதவியும் கையில் இருந்தும் அவர்களே ஏன் முடிசூடிக்கொள்ளவில்லை?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சூடிக்கொள்ளும் தேவையே அவர்களுக்கு வரவில்லை. சக்கரவர்த்தி சூரிய தேவதை அமதெராசுவின் வழித்தோன்றல் என்பது அந்நாட்டு நம்பிக்கை. அந்த ரத்தம் இல்லாதவர் அரியணை ஏற முடியாது. ஆனால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கலாமே!

ஃபூஜிவாராக்கள் செய்தது அதைத்தான். 858-இல் செய்வா என்ற எட்டு வயதுப் பையன் சக்கரவர்த்தியானான். அவனுடைய அம்மாவைப் பெற்ற யோஷிஃபுசா, பேரன் சார்பில் ஆட்சியை நடத்தினார். ‘செஷ்ஷோ’ எனப்படும் அந்தப் பொறுப்பு, அரச குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பையன் வளர்ந்த பிறகும் பிடி நழுவாமல் இருக்க, அடுத்து ‘கம்பாக்கு’ என்று இன்னொரு பதவியும் உருவானது.

தாத்தாவுக்கு இவ்வளவு செல்வாக்கு எங்கிருந்து வந்தது? தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். அந்தக் காலத்து க்யோட்டோவில் இளவரசர்களும் பெரும்பாலும் அம்மா வீட்டில்தான் பிறந்தார்கள். அப்பா அரண்மனையில் இருப்பார். தூக்கி வளர்த்தது தாத்தா வீடு. பிறகு பேரன் யார் பேச்சைக் கேட்பான்?

இதில் கைதேர்ந்தவர் மிச்சினாகா. மகள் ஷோஷியை இச்சிஜோ சக்கரவர்த்திக்கு மணமுடித்தார். 1008-இல் அவருடைய மாளிகையிலேயே பேரன் பிறந்தான். ஷோஷியின் பணிப்பெண்ணாக இருந்த முராசாகி ஷிகிபு (‘கெஞ்சி கதை’ எழுதியவர்தான்) தன் நாட்குறிப்பில் ஒரு காட்சியைப் பதிந்திருக்கிறார். தாத்தா கொஞ்சும்போது குழந்தை அவர் அங்கியை நனைத்துவிடுகிறது. நாட்டையே ஆட்டிவைக்கும் மனிதர் அங்கியைக் கழற்றி நெருப்பில் காய வைத்தபடி, இளவரசர் நனைத்த பாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார். பாசம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஈரத்தில் அவருடைய எதிர்காலமும் இருந்தது.

இடையில் சான்ஜோ என்பவர் சக்கரவர்த்தியாக இருந்தார். கண்பார்வை மங்கிய அவரை மிச்சினாகா விடாமல் நெருக்கி, 1016-இல் பதவி விலக வைத்தார். ஏழு வயதுப் பேரன் கோ-இச்சிஜோ அரியணை ஏறினான். மிச்சினாகா செஷ்ஷோவாக இருந்தது ஓராண்டு மட்டுமே. பிறகு மகன் யோரிமிச்சியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து நடத்தினார். கம்பாக்கு பதவியில் அவர் இருந்ததே இல்லை. ஆனால் அவருடைய நாட்குறிப்பின் பெயரிலேயே ‘கம்பாக்கு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்றுதான், ஆனால் பெரியது: பேரன் பிறந்தாக வேண்டும். யோரிமிச்சி சுமார் ஐம்பது ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தார். இன்றைய பத்து யென் நாணயத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ் மண்டபம் அவர் 1053-இல் கட்டியதுதான். அரண்மனைக்கு அவரும் பெண்களை அனுப்பிப் பார்த்தார். முடிசூட ஓர் ஆண் குழந்தைகூடப் பிறக்கவில்லை.

1068-இல் கோ-சான்ஜோ சக்கரவர்த்தியானார். அவருடைய அம்மா ஓர் இளவரசி. மிச்சினாகாவின் மகள் வயிற்றுப் பேத்திதான். ஆனால் அம்மாவின் அப்பா யார் என்பதுதானே கணக்கு? அது வேறு யாருமில்லை, மிச்சினாகா விரட்டிய அதே சான்ஜோ! கோ-சான்ஜோ வந்த மறு ஆண்டே, பெரிய குடும்பங்களின் நிலப் பத்திரங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலகம் திறந்தார்.

அவருடைய மகன் ஷிராகாவா 1086-இல் பதவி விலகி, தன் ஏழு வயது மகனை அரியணையில் உட்கார வைத்தார். செஷ்ஷோ பட்டம் ஃபூஜிவாராக்களிடமே இருந்தது. ஆண்டது பையனின் அப்பா.